இரண்டாம் பாகத்தில் அறுபது பக்கம் பாக்கி

மாப்ளே குருசாமி,

பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும். நீ இருந்தவரை பேசாதவன், செத்து நாலு மாதம் கழித்துக் கடிதம் எழுதுகிறான் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு ஓடையும் இரண்டு பூண்டு வயலும்தான். அதைத் தாண்டி வர எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

உன்னை எடுத்த அன்றைக்கு நான் வரவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வந்தேன். பள்ளிக்கூடத்து வளைவில், தைல மரத்துக்குப் பின்னால் நின்றேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. நீ பாடம் சொன்ன பிள்ளைகள் பெரிய ஆட்களாகி உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் நின்ற பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. திரும்பி, வா என்று ஒரு கை காட்டியிருந்தால் போயிருப்பேனா? தெரியவில்லை.

சரி, சேதி சொல்கிறேன். சீசன் தொடங்கிவிட்டது. கொடைக்கானலிலிருந்து மேலே வருகிற கார்கள் நம் ஊர் வளைவுவரை நிற்கின்றன. மூக்கனின் டீக்கடைக்கு இப்போது கண்ணாடிக் கதவு. சாக்லேட்டும் தைலமும் விற்கிறான். நம்மைப் போன்றவர்கள் டீ கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போடுகிறான். காட்டெருமை மறுபடியும் உருளைக்கிழங்கை மிதித்துவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். எழுதும்வரை தங்கள் திண்டாட்டத்தையெல்லாம் சொல்வார்கள். எழுதி முடித்ததும் "வர்றேன் சார்" என்று எழுந்து போய்விடுவார்கள். ஒரு வாய்க் காப்பிக்குக்கூட உட்கார மாட்டார்கள். நானும் உட்காரச் சொல்வதில்லை.

வீட்டுக்காரி ராணி பெங்களூருக்குப் போய் மூன்று வருஷம். பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போனாள். பேத்தி நடந்து, ஓடி, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். ராணி வருவதாகத் தெரியவில்லை. எப்போது வருகிறாய் என்று நானும் கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு மகள் பொன்னி ஒரு இ-ரீடர் அனுப்பினாள். நீ இதைப் பார்த்திருக்க மாட்டாய். சின்னச் சிலேட்டு மாதிரி இருக்கும், அதிலேயே புத்தகம் படிக்கலாம். அதை மடியில் வைத்துக்கொண்டு கடை பெஞ்சில் உட்கார்ந்த அன்றைக்கே மூக்கன் ஊருக்குச் சொல்லிவிட்டான்: "சார் திரும்பவும் ஒண்ணாப்பு சேந்துட்டாருப்பா." அதற்கப்புறம் நான் அதை வெளியே எடுப்பதில்லை.

பொன்னி சொன்னதில் தப்பில்லை. "அப்பா, அங்க மேகம் எறங்குனா புத்தகமெல்லாம் பூஞ்சை பிடிக்குது. ஒங்களுக்கோ இருமல். இதுல எழுத்த எவ்வளவு வேணாலும் பெருசாக்கிக்கலாம்ப்பா" என்றாள். உன்னோடு சண்டை போட்ட பிறகு, எவனிடமும் கையேந்த வேண்டாம் என்று நான் மதுரையிலிருந்து பார்சலில் வரவழைத்த புத்தகங்களைத்தான் சொல்கிறாள். பீரோவுக்குள் பகலும் இரவும் ஒரு குண்டு பல்பு எரியவிட்டுத்தான் அவற்றைக் காப்பாற்றினேன். அந்தப் பல்பு இப்போது வத்தலக்குண்டில்கூடக் கிடைப்பதில்லை. பல்பு அணைந்த ஒரு மழைக்காலத்தில் ஒரு நாவலின் கதாநாயகியும் அவள் மாமியாரும் ஒரே தாளாக ஒட்டிக்கொண்டார்கள். கதையில் அவர்கள் சேரவே இல்லை.

இந்தக் கருவியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எழுத்தைப் பூண்டுப் பல் அளவுக்குப் பெரிதாக்கித்தான் இப்போது படிக்கிறேன். அது இல்லாவிட்டால் படிப்பே இல்லை. குளிரில் உறை போட்ட விரலுக்குப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. அது ஒன்றுதான் தொந்தரவு. வாங்கும்போது எனக்குப் பிடித்ததே இன்னொன்று: யாருடைய தயவும் வேண்டியதில்லை. யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. யாரும் வீடு தேடி வந்து கேட்க மாட்டார்கள்.

யாரும் வரவில்லைதான், மாப்ளே. நான் ஒரு புத்தகத்தை நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு படித்திருக்கிறேன் என்று அதன் ஓரத்தில் காட்டுகிறது. நான் என்ன படிக்கிறேன், எவ்வளவு படித்தேன் என்று இந்த உலகத்தில் கணக்கு வைத்திருப்பது அது ஒன்றுதான். எனக்கு முன்னால் அந்தப் பிரதியை யாரும் படிக்கவில்லை. எனக்குப் பின்னாலும் யாரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

புத்தகத்தின் வாசனை என்று உருகுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நம் ஊர் நூலகத்துப் புத்தகத்தில் அடிப்பது பூண்டுப் புகை. விதைப் பூண்டைப் பிடி பிடியாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுகிற ஊரில் வேறு என்ன அடிக்கும்? பின் அட்டைக்குள் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்க்காமலே, மோந்து பார்த்து, "இது அய்யாக்கண்ணு வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கு, பச்ச வெறகு எரிக்கிறான்" என்பாய். நான் சிரிப்பேன். சிரித்திருக்கிறேன் என்பதே இப்போது எழுதும்போதுதான் நினைவு வருகிறது.

இனிச் சொல்லவேண்டியது உனக்குத் தெரிந்ததுதான். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் அப்போது கொடைக்கானலில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வாத்தியார். நீ நம் ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியர். ஊர்க் கிளை நூலகத்தில் நான் உறுப்பினராகச் சேர்ந்தபோது படிவத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நீ. இவர் எடுக்கிற புத்தகத்துக்கு நான் பொறுப்பு என்கிற கையெழுத்து. கனமான புத்தகம் இரண்டு பாகமாக வந்தால், முதல் பாகத்தை நான் முடித்து உனக்குத் தள்ளிவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போவேன். நீ பின்னாலேயே வருவாய். பின்னால் வருகிறவனிடம் முன்னால் போகிறவன் கதையைச் சொல்லக் கூடாது. அதுதான் நம் ஒப்பந்தம். தொலைந்துபோன தம்பியைத் தேடி ஊர் ஊராக அலைகிற லாரி டிரைவரின் கதையையும் அப்படித்தான் படித்தோம்.

அந்த வருஷம் என் பள்ளியில் எனக்கு வரவேண்டிய பொறுப்பை என்னைவிட ஆறு வருஷம் இளையவனுக்குக் கொடுத்தார்கள். வேலையை உதறிவிட்டுப் பூண்டுக்குத் திரும்பினேன். இரண்டாம் பாகத்தில் அறுபது பக்கம் பாக்கி இருந்தது. படிக்கவும் மனமில்லை, கொடுக்கவும் மனமில்லை. எட்டு மாதம் ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

நூலகத்திலிருந்து நினைவூட்டு அட்டை எனக்கு வராது. ஜாமீன் போட்டவனுக்கு வரும். திறந்த அட்டை. தபால்காரர் அதை மூக்கன் கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார். தலைமை ஆசிரியர் புத்தகம் திருப்பவில்லை என்று பிள்ளைகள்கூடச் சொல்லித் திரிந்தார்கள். மூன்று தடவை கேட்டாய். "அறுவது பக்கம் பாக்கி, படிச்சுட்டுத் தாரேன்" என்றேன். மூன்றாவது தடவை உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை நான் பூண்டு மூட்டையோடு வத்தலக்குண்டு போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது. மறுநாள் காலை மூக்கன் கடையில், எட்டுப் பத்துப் பேர் நடுவில் கேட்டேன்: "ஆளில்லாத வீட்டுல புகுந்து பொருள எடுக்கிறவனுக்கு என்ன பேருங்க?"

நானே சொன்னேன். திருடன்.

நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். "அது ஒம் பொருளும் இல்ல, எம் பொருளும் இல்ல மாப்ளே. ஊருப் புத்தகம்" என்றாய். அவ்வளவுதான். மிச்ச டீயைக் குடிக்காமல் போனாய்.

இதைத்தான் பதினோரு வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை: வீட்டில் ஆள் இருந்தது. ராணி இருந்தாள். நீ வாசலில் நின்று கேட்டாய். அவள் உன்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, புத்தகத்தைத் தூசி தட்டித் தன் கையால் எடுத்துக் கொடுத்தாள். முந்தின நாள் இரவே அதை என்னிடம் சொல்லிவிட்டாள். தெரிந்துதான் கடையில் அப்படிச் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ராணி கேட்டாள்: "நாந்தான எடுத்துக் குடுத்தேன். என்னையும் சேத்துத் திருடின்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான?" நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டேன். அவள் பெங்களூரில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று சில நாள் யோசிப்பேன்.

நீ போனபிறகு அந்தக் கதை மண்டையை அரித்தது. லாரி டிரைவர் தம்பியைக் கண்டுபிடித்தானா இல்லையா? கருவியில் தேடினேன். அந்தப் புத்தகம் அதில் இல்லை. மதுரைக்குப் போன் போட்டேன். "அது இப்ப பதிப்பிலேயே இல்ல சார்" என்றார்கள். ஆயிரம் புத்தகம் அடங்கும் என்கிற சிலேட்டு கையில் இருக்க, எனக்கு வேண்டிய அறுபது பக்கம் நம் ஊர்க் கிளை நூலகத்து அலமாரியில் இருந்தது.

போனேன். புது நூலகர் சத்யா சின்னப் பெண், பாலசமுத்திரத்துக்காரி. வாரம் முழுக்க இங்கே அறை எடுத்துத் தங்குகிறாள். படிவம் எடுத்துக் கொடுத்தாள்.

"சார், கீழ ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும் வேணும். இப்ப மெம்பரா இருக்கவங்க யாரு போட்டாலும் போதும்."

"எனக்கு யாரும்மா போடுவாங்க?"

"என்ன சார் இப்படிக் கேக்கிறீங்க? ஊருக்கே மனு எழுதிக் குடுக்கிறீங்க. ஒருத்தர் போட மாட்டாங்களா?"

உறுப்பினர் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருவனோடு வரப்புச் சண்டை. ஒருவன் என் அண்ணன் மகன். அண்ணனோடு பேச்சு இல்லை. ஒருவன் பால் சங்கத்தில் எனக்கு எதிராகக் கை தூக்கியவன். ஒருவன் அன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவன். ஒவ்வொரு பெயரிலும் ஒரு வழக்கு நான் போட்டு வைத்திருக்கிறேன். அத்தனையிலும் நானே தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டேன். கடைசிப் பெயர், புது மசியில், மல்லிகா. உன் மனைவி. நீ கடைசியாக எடுத்துவந்த மூன்று புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்த இடத்தில் தனக்கென்று ஒரு அட்டை போட்டுக்கொண்டு போனதாம்.

"ஒங்க பழைய ஃபாரம்கூட இருக்கு சார்" என்று சத்யா ஒரு கட்டைப் பிரித்தாள். பழுப்பேறிய தாள். என் பெயர், கீழே உன் கையெழுத்து. அதன் மேல் சிவப்பு மசியில் ஒரு கோடு. விடைத்தாள் திருத்துகிற உன் சிவப்பு. பக்கத்தில் எழுதியிருந்தாய்: "இவரைப் பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தெரியாத ஒருவருக்கு ஜாமீன் நிற்க இயலாது."

முதலில் கோபம்தான் வந்தது. தெரியாத ஒருவனா நான்? ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பலகையில் உட்கார்ந்தவனையா எழுதுகிறாய்? பிறகுதான் அந்த நான்கு ஆண்டு உறைத்தது. திருடன் என்று ஊர் நடுவில் சொன்னவனுக்கு நான்கு வருஷம் நீ ஜாமீனாக இருந்திருக்கிறாய். எதற்காகக் காத்திருந்தாய்? நான் வருவேன் என்றா? மாப்ளே, நீயாவது ஓடையைத் தாண்டி வந்திருக்கலாமே. இந்த ஒன்றில் எனக்கு இன்னும் உன்மேல் கோபம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இங்கேயே உக்காந்து படிங்க சார், அதுக்கு ஃபாரம் வேண்டாம்" என்று சத்யா இரண்டாம் பாகத்தை எடுத்து வந்து வைத்தாள். தேதிச் சீட்டில் கடைசித் தேதி, என் பெயரில் திருப்பிவிட்டு உன் பெயரில் நீ எடுத்த தேதி. உனக்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, நான்கு வரி படித்திருப்பேன். மூடிவிட்டேன். எழுத்து சின்னது என்று சத்யாவிடம் சொன்னேன். அது பாதி நிஜம். எனக்கு வேண்டியது அந்த அறுபது பக்கம் மட்டும் இல்லை என்று அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. ஐம்பத்து ஆறு வயதில், இவன் கொண்டுபோனால் திருப்பிக் கொண்டுவருவான் என்று எனக்காகக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள்.

அன்றைக்குச் சாயங்காலம் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினேன்.

மல்லிகா அடுப்படி வாசலில் உட்கார்ந்து விதைப் பூண்டைப் பிடி கட்டிக்கொண்டிருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தது.

"வாங்கண்ணே. வழி தெரிஞ்சுதா?"

நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காருங்க. காப்பி சீனி இல்லாமத்தான இப்ப?"

"யார் சொன்னா?"

"மதினிதான். வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவாகல்ல."

ராணி எனக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் பண்ணுகிறாள். அதைச் சொல்லவில்லை. படிவத்தை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தது.

"இது எதுக்குண்ணே? அந்தச் சிலேட்டுக்குள்ள ஆயிரம் புத்தகம் கெடக்குன்னு சொல்றாங்க?"

"நான் தேடுறது அதுல இல்லம்மா."

"எது, அந்த ரெண்டாம் பாகமா?"

மல்லிகா பூண்டுத் தாளை இறுக்கி முடிச்சுப் போட்டது.

"அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு, அவன் கடசி அறுவது பக்கம் படிக்காமக் கெடக்கான்னு. முடிவு என்னன்னு நாங்கூடக் கேட்டேன். ஒனக்கெதுக்கு, அவன் வந்து கேக்கட்டும்னுட்டாரு."

புகை கண்ணில் ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடுறியாம்மா?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஒங்களப் பாத்துப் பதினோரு வருசமாச்சு. அவரு போட்ட கோட்ட நானும் பாத்தேன், அந்தப் புள்ள காட்டுச்சு. எந்த நம்பிக்கையில நான் போடுறது?" படிவத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஓரத்தில் கரி பட்டுக் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. "வந்து போயிக்கிட்டு இருங்க. பாக்கலாம்."

எழுந்தேன். வாசல்வரை போய்விட்டேன்.

"வந்ததுதான் வந்தீங்க, இந்தப் பிடிகள மேல மாட்டிட்டுப் போங்க. எனக்கு எட்டல. அவரு இருந்தாருன்னா வெரசா முடிச்சிருப்பாரு."

முக்காலியில் ஏறி ஒவ்வொன்றாக மாட்டினேன். பரணில் நீ அடித்த ஆணிகள். எனக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தன. நாம் இரண்டு பேரும் ஒரே உயரம் என்பது மறந்துபோயிருந்தது. கீழேயிருந்து மல்லிகா, "நெருக்கி மாட்டாதீங்க, காத்துப் போகணும்" என்று அதட்டியது. என்னை ஒருவர் அதட்டிப் பல நாள் ஆகிறது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது நூலகத்துப் புத்தகம் மாதிரி மணத்தது.

இப்போது என்ன செய்யப்போகிறேன் என்று சொல்கிறேன். சிலேட்டைத் தூக்கி எறியப்போவதில்லை. கண்ணுக்கு அது வேண்டும். பீரோவில் பூஞ்சை பிடிக்காமல் தப்பித்த புத்தகங்களைத் துடைத்துச் சத்யாவிடம் கொடுத்துவிடுவேன். நாலு வீட்டுப் புகை பட்டால் பூச்சி அண்டாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் வீட்டுக்குப் போவேன். பிடி மாட்டுவேன், சீனி இல்லாத காப்பி குடிப்பேன். மல்லிகா என்றைக்குக் கையெழுத்துப் போடுகிறதோ அன்றைக்கு இரண்டாம் பாகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்து அறுபது பக்கத்தையும் படிப்பேன். குறித்த தேதிக்குத் திருப்பிக் கொடுப்பேன். அதுவரை அந்தப் புத்தகத்தைத் தொட மாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. டிரைவருக்குத் தம்பி கிடைத்தானா என்று நீ என்னிடம் சொல்லாமல் போனதும் நம் ஒப்பந்தப்படி சரிதான்.

இந்தக் கடிதம் நூலகத்து விலாசத்துக்குத்தான் போகிறது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாகச் சத்யா சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் கடையில் டீ குடித்தவர்களில் பாதிப் பேர் இப்போதும் அங்கேதான் பேப்பர் படிக்க வருகிறார்கள். மூக்கனுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். குருசாமி திருடவில்லை. நான்தான் பொய் சொன்னேன்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். ஒளிவதற்காக இல்லை. மனு எழுதி எழுதி என் கையெழுத்து இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். முதல் வரியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரைப் போட்டால், பார் எப்படி ஒத்துக்கொண்டான் என்கிற பெருமையும் எனக்கே வந்து சேரும். அது எனக்கு வேண்டாம். எனக்காக ஒருவர் கையெழுத்துப் போடுகிறவரை நானும் எதிலும் போடுவதாக இல்லை.

காலை பஸ்ஸில் தபால் பை ஏறிவிடும். உன் மாப்ள என்பதோடு நிறுத்தி, கையெழுத்தில்லாமலே பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.